நாடா ஐயாவின் பொறாமைப் புழு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் அன்று மத்தியானம் ஒரு பெட்டிகூட மடிக்கப்படவில்லை. மடிக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வாயைத் திறந்துகொண்டுதான் நின்றார்கள். "நிக்கும்போதே திறந்து பழகுங்க. உள்ள இருக்கறதுக்கு வெளிச்சம் பழகணும்" என்று நாடா ஐயா உத்தரவு போட்டிருந்தார். தேநீர் குடிக்க இரண்டு நிமிஷம் அதிகமானாலே கத்தித் தீர்க்கிற மேனேஜர், அன்றைக்கு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பாதி திறந்தவர்களை "நல்லாத் திறங்க" என்று அதட்டினார். தொழிலாளி வாயைத் திறப்பது அவருக்குப் பிடித்துப்போன முதல் நாள் அதுதான்.

நாடா ஐயா நல்ல உயரம். வெள்ளைச் சட்டை. எவ்வளவு புழுக்கமானாலும் மணிக்கட்டுவரை பித்தான் போட்ட முழுக்கை. அவருடைய தத்துவம் ரொம்ப எளிமையானது. மனிதனுக்கு வருகிற தலைவலி, வயிற்றுவலி, வலிப்பு, தள்ளிப்போகிற கல்யாணம், உதிர்கிற முடி, ஒழுகுகிற கூரை எல்லாவற்றுக்கும் காரணம் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு நாடா. அந்த நாடா அடுத்தவருடைய பொறாமை. பொறாமைக்காரர் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். சாப்பாட்டோடு உள்ளே போய்ச் சுருண்டு படுத்து, புழுவாக நீண்டுவிடும். கூரை ஒழுகுவதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. வாய்தான் வேறு வேலையில் இருந்ததே.

ஐயா அந்த நாடாவை வாய்வழியாக உருவி எடுப்பார். கட்டணம் கிடையாது. 'கட்டணம் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஒரு பெட்டி மட்டும் வாசலில் இருந்தது. அதன் தலையில் நோட்டு நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது.

நாற்காலியில் உட்கார வேண்டும். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். ஐயா முகத்தின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, இரண்டு விரலை வாய்க்குள் விடுவார். குமட்டும். கண்ணில் நீர் முட்டும். "வா! வெளிய வா!" என்று ஒரு சத்தம். வழவழவென்று வெள்ளையாக ஒரு முழ நீளத்துக்கு நாடா வெளியே வரும். கூட்டம் 'ஆ' என்னும். அடுத்த நொடி அதை மூடிபோட்ட ஒரு கறுப்பு டப்பாவுக்குள் தள்ளிவிடுவார். "யாரும் தொடாதீங்க! தொட்டா உங்களுக்கு ஏறிக்கும்!"

கூடத்தின் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு ஒருத்தி நின்றாள். பசையக்கா.

பதினெட்டு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் பசை காய்ச்சுகிறவள். மாவைக் கரைத்து, பீப்பாயில் கொதிக்கவிட்டு, கட்டி தட்டாமல் துழாவி, அட்டைகளை ஒட்டவைக்கிற பசையை இறக்குவது அவள் வேலை. தலைமுடியில் பசை, வளையலில் பசை. வீட்டுக்குப் போனாலும் பசை வாசனை கூடவே வரும். அவளுக்கு என்று ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர அதை யாரும் உபயோகிப்பதில்லை.

அவளுக்கு நாடா ஐயாவிடம் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அது தங்கையைப் பற்றியது.

தங்கையும் அதே தொழிற்சாலைதான். பெட்டிக்குக் கம்பி அடிக்கிற இயந்திரத்தில் வேலை. இருவரும் டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். காலையிலும் ராத்திரியிலும் அக்கா சமையல், மத்தியானம் கேன்டீன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த தங்கை அப்படியே சரிந்து, கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளிக் கிடந்தாள். அதுவரை அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட ஒழுங்காக வந்ததில்லை.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். "தலையை ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது" என்றார். ஸ்கேன் எடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தொழிற்சாலைக்கு ஐயாவின் முதல் விஜயம்.

தங்கையின் வாயிலிருந்து ஐயா எடுத்தது சாதாரண நாடா இல்லை. ஒன்றரை முழம். கூட்டம் மலைத்துப் போய்விட்டது. ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உனக்குச் சோறு போடற கைதாம்மா. அந்தக் கையிலதான் பொறாமை. அப்புறம் அந்த மாத்திரை... அதை நிறுத்து. மாத்திரையத் தின்னுதான் புழு கொழுக்குது."

சோறு போடுகிற கை என்றால் யார்? கூட்டத்துக்கு யோசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கேன்டீன் சமையல்காரர்தான். மனைவி இல்லாத மனுஷன், யாரிடமும் அதிகம் பேசாதவர், போதாததற்குக் கொஞ்சம் மாறுகண். பொறாமைக்காரனுக்கு இதைவிட என்ன லட்சணம் வேண்டும்? மறுநாள் அவர் சமைத்ததை யாரும் தொடவில்லை. அதற்கு மறுநாள் அவருடைய அண்டாவை யாரோ கவிழ்த்துவிட்டார்கள். மாசக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி மேனேஜர் சொல்லிவிட்டார்.

பசையக்கா அப்போது என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. ஐயாவின் பேச்சை முழுசாக நம்பவும் இல்லை, தட்டிக் கேட்கவும் இல்லை. தங்கை மாத்திரையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடியபோது, 'சரியாப் போயிட்டா நல்லதுதானே' என்று இருந்துவிட்டாள். நல்லது நடக்க வேண்டும் என்கிற ஆசை இருக்கிறதே, அதைப் போல ஆளை ஊமையாக்குகிற சரக்கு வேறு கிடையாது.

பன்னிரண்டாம் நாள் தங்கை இயந்திரத்தின் முன்னாலேயே விழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று விசையை அணைத்ததால் கை தப்பியது. தாடை கிழிந்து நாலு தையல்.

"மாத்திரை?" என்றார் டாக்டரம்மா.

"இழுப்பறையில கிடக்கு, டாக்டர்" என்றாள் பசையக்கா.

இந்தத் தடவை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் ஒரு புள்ளி.

"இது நாடாப்புழுவோட குட்டி. கூடு கட்டிட்டு உட்கார்ந்திருக்கு."

பசையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப புழு நிஜமா? அந்த ஆளு சொன்னது சரியா?"

"எந்த ஆளு?"

சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"புழு நிஜம். பொறாமை பொய். நல்லாக் கேட்டுக்கோங்க. பன்றிக்கறியில சில சமயம் இந்தப் புழுவோட குட்டி இருக்கும், அரிசி மாதிரி கூடு கூடா. கறியை நல்லா வேகவச்சா செத்துடும். அரைவேக்காட்டுல சாப்பிட்டா, குடலுக்குள்ள போய் நாடாவா வளரும். மாட்டுக்கறியிலயும் வேற ஒரு வகை உண்டு. நாடா குடலுக்குள்ள இருக்கற ஆளுக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. ஆனா அவங்க வெளிக்குப் போறப்போ முட்டை முட்டையா வெளிய வரும். போயிட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவலைன்னா, முட்டை கையில. அந்தக் கை தொட்ட சாப்பாட்டுல. அதைச் சாப்பிட்ட இன்னொருத்தருக்கு முட்டை பொரிஞ்சு, குட்டி ரத்தத்தோட மூளைக்குப் போய் உட்கார்ந்துக்கும். பன்றிக்கறிப் புழு செய்யற வேலை இது. உங்க தங்கச்சி கறியே சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னீங்க இல்ல? சாப்பிட வேண்டியதே இல்லை. கழுவாத கை போதும். கெட்ட தண்ணி பாய்ஞ்ச காயைக் கழுவாம பச்சையாத் தின்னாலும் போதும்."

"வாய் வழியா உருவி எடுக்க முடியுமா டாக்டர்?"

"அது உள்ள போற வழிம்மா. நாடாப்புழுவை யாரும் வாயில விரலை விட்டு எடுக்க முடியாது. வர்றது வேற வழியா, துண்டு துண்டா. மூளையில இருக்கறதுக்கு வைத்தியம் வேற, இங்க தங்கிப் பாக்கணும்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "வீட்டுல யார் சமைக்கறாங்க?"

"நான்தான்."

"நீங்களும் மலப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டுப் போங்க. கேன்டீன்ல சமைக்கறவரும் கொடுக்கணும்."

டப்பாவை வாங்கிக்கொண்டபோது பசையக்காவின் முகம் போன போக்கைச் சொல்லாமலே விட்டுவிடலாம். சமையல்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர், "என்னைத் திட்டாம ஒரு விஷயம் கேட்ட முதல் ஆள் நீதாம்மா" என்று அவருக்கான டப்பாவை வாங்கிக்கொண்டார்.

இப்போது மறுபடியும் பேக்கிங் கூடம். ஐயாவின் இரண்டாவது விஜயம். தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில். பசையக்கா கூட்டத்தின் கடைசியில்.

கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு அவள் நேராக வரிசையின் முன்னால் போனாள். "வயிறு வலிக்குது, ஐயா. தாங்க முடியலை."

"பாவம், தங்கச்சிக்கு அப்படி ஆன துக்கம்" என்று வரிசை வழிவிட்டது.

உட்கார்ந்தாள். கலங்கல் தண்ணீரைக் குடித்தாள். துணி முகத்தில் விழுந்தது. இரண்டு விரல் வாய்க்குள் வந்தது. விரலோடு வழவழவென்று இன்னொன்றும் வந்தது. வெளியே போவதற்கு முன்னால் அது உள்ளே வந்தது என்பதைக் கவனியுங்கள். இத்தனை நாள் குமட்டலில் இதை ஒருத்தரும் கவனித்ததில்லை.

பசையக்கா பல்லைக் கடித்தாள்.

"ஆ!" இந்த முறை 'ஆ' என்றது கூட்டம் இல்லை. நாடா ஐயா.

விரலை உருவிக்கொண்டு அவர் துள்ளியபோது, பசையக்கா துணியை விலக்கி, பல்லிடுக்கில் தொங்கிய நாடாவைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். நாக்கில் ஒட்டியிருந்ததைச் சப்பிப் பார்த்தாள்.

"உப்புக் கொஞ்சம் கூட. கட்டி தட்டியிருக்கு. காய்ச்சத் தெரியாத ஆளு காய்ச்சின பசை இது" என்றாள்.

"தொட்டுட்டா! அவளுக்கு ஏறிக்கப் போகுது!" என்று ஐயா பின்வாங்கினார். முன்வரிசையும் ஆளுக்கு இரண்டடி பின்வாங்கியது.

பசையக்கா இடுப்பிலிருந்து ஒரு பழுப்பு நிற பாட்டிலை எடுத்தாள். அயோடின். அந்தத் தொழிற்சாலையில் அது எல்லாருக்கும் தெரிந்த சாமான். ஒட்டு விட்டுப்போன அட்டையைப் பிரித்து அதைத் தடவினால், மாவுப்பசை பட்ட இடமெல்லாம் நீலக்கறுப்பாகக் கோடு போட்டுக் காட்டும். ஒரு சொட்டு நாடாவின்மேல் விட்டாள். வெள்ளை நாடா மையில் நனைத்த மாதிரி கறுத்தது.

கூட்டம் திகைத்தது. ஐயா திகைக்கவில்லை. அவர் தொழிலில் பழுத்தவர். "பாத்தீங்களா? பொறாமையோட நிறம் கறுப்பு!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பாதிக் கூட்டம் தலையாட்டியது. "ஆமாமா, கறுப்புத்தான்" என்று ஒரு குரல்கூட வந்தது.

பசையக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவள் ஆத்திரத்தைப் பேச்சாக்கவில்லை. பக்கத்தில் நின்றவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றில் ஒரு சொட்டு விட்டாள். கறுத்தது.

"உன் பெண்டாட்டிக்கு உன்மேல பொறாமையா?"

"ஐயையோ, அவ நல்லவக்கா."

அடுத்தவள் வைத்திருந்த ரொட்டித் துண்டில் விட்டாள். கறுத்தது. உருளைக்கிழங்கில் விட்டாள். கறுத்தது. இன்னொருவன் டப்பாவில் இருந்த ஒரு துண்டு வெந்த கறியைத் தனியாக எடுத்து, கழுவிவிட்டு, அதன்மேல் விட்டாள். பழுப்பாகவே இருந்தது.

"மாவு, சோறு, கிழங்கு, எல்லாம் கறுக்கும். சதை கறுக்காது. புழுன்னா சதை. இந்த ஆளு உங்க வாயிலேர்ந்து எடுத்துக் காட்டறது மாவு. இன்னும் தலையாட்டறதா இருந்தா, நீங்க தின்ன சோறெல்லாம் பொறாமைதான், பட்டினி கிடங்க! அப்புறம், மருந்து பட்டதைத் தின்னுடாதீங்க."

பேச்சு வராதவர் என்று பெயரெடுத்த கேன்டீன் சமையல்காரர் அப்போது முன்னால் வந்தார். "எனக்கு ஒரே ஒரு ஆசை, ஐயா. பொறாமைக்காரன் நான்தானே? என் வயித்துலேர்ந்து ஒண்ணு எடுங்க. சட்டைக் கையைச் சுருட்டிட்டு, கையைக் கழுவிட்டு எடுங்க. வந்தா நானே ஊரைவிட்டுப் போறேன்."

"கழுவணும்! கழுவிட்டு எடுக்கணும்!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அந்தப் பக்கம்தான் நியாயம்.

"சோப்பு கொண்டாங்க" என்றாள் பசையக்கா.

அங்கேதான் ஒரு சங்கடம். இருநூறு பேர் வேலை செய்கிற அந்தக் கட்டிடத்தில், தொழிலாளிகளுக்கான கழிப்பறை ஒன்றிலும் சோப்பு இல்லை. கேன்டீன் தொட்டியிலும் இல்லை. "வச்சா திருடிட்டுப் போயிடறாங்க" என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் நிறுத்திவிட்டார். புழு எடுக்க ஐயாவை வண்டி வைத்து அழைத்துவந்தவரும் அவரேதான். கடைசியில் மேனேஜருடைய சொந்தக் கழிப்பறைப் பூட்டைத் திறந்து, ரோஜாப்பூ வாசனை சோப்பு ஒன்று எடுத்துவரப்பட்டது. இருநூறு பேரும் அதை அதிசயப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஐயா பித்தானில் கைவைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "இன்னிக்குக் காத்து சரியில்ல. பொறாமை உள்ள இறங்கிடுச்சு."

"நாங்க தூக்கி விடறோம்" என்று இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினார்கள். முழங்கைக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டை. பட்டைக்குள் ஈரத்துணி. துணிக்குள் சுருட்டிச் சுருட்டி அடுக்கியபடி, இன்னும் நாலு பேருடைய பொறாமை.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருமுறை கிளம்பிவிட்டால் மகான்களுக்கு அதற்கு மாற்று கிடையாது. ஐயா பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார். வாசல் காவலாளி பிடித்து உட்காரவைத்தார். தங்கையின் மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்காகப் போலீஸில் எழுதிக் கொடுத்தவள் பசையக்காதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் பசையக்காவுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது.

சமையல்காரருக்கு ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

சம்பள நாளில் பஸ் நிறுத்தத்துப் பக்கம் கம்பியில் குத்திச் சுடுகிற பன்றிக்கறி வாங்கித் தின்பது பசையக்காவுக்கு வழக்கம். நடுவில் சிவப்பாக இருந்தால்தான் ருசி என்பாள். தொழிற்சாலையில் சோப்பு இல்லாமல் கழுவிப் பழகிய கை, வீட்டிலும் அப்படியே கழுவியது. அந்தக் கையால் தங்கைக்குப் பிசைந்து ஊட்டிக்கூட இருக்கிறாள்.

"அந்தத் திருட்டுப் பய சொன்னது... சோறு போடற கைன்னு..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அது என் கைதானா?"

"அவனுக்கு உங்க கையும் தெரியாது, புழுவும் தெரியாது. எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் சோறு போடத்தான் செய்வாங்க, அதனால சொன்னான். நீங்க தெரிஞ்சு பண்ணலை. இதுக்குப் பழி தேட வேண்டாம், மாத்திரை போதும். ஒரே வேளைதான்."

தங்கையிடம் தானே போய்ச் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், கட்டிலருகே நின்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். தங்கை தாடைத் தையலைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "உனக்குள்ள எத்தனை முழம் இருக்குமாம்?" என்றாள்.

"சில சமயம் ஆள் உயரத்தைவிட நீளமாம்டி."

"அந்த நாடா ஐயாவுக்குத் தெரிஞ்சிருந்தா உன்னைத் தொழில்ல பங்குதாரி ஆக்கியிருப்பான்." சிரித்தால் தையல் இழுத்தது. அப்படியும் சிரித்தாள்.

மறுநாள் தொழிற்சாலையில் அவள் எதையும் மறைக்கவில்லை. கேன்டீனில் நின்று, தனக்குப் புழு இருப்பதையும் அது எப்படி வந்தது என்பதையும் சத்தமாகச் சொன்னாள். முகத்தைச் சுளித்தவர்கள் சுளித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே இருபத்தேழு பேர் பரிசோதனை டப்பா வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேருக்குப் புழு இருந்தது. மூவரில் ஒருவர் மேனேஜர். சமையல்காரரை வேலையிலிருந்து நிறுத்துகிற பேச்சு அன்றோடு நின்றது. அண்டாவைக் கவிழ்த்த ஆளும் வந்து, யார் கண்ணையும் பார்க்காமல், கேன்டீனில் ஒரு கட்டு விறகை இறக்கிவிட்டுப் போனான்.

பரிசோதனையில் மாட்டிக்கொண்ட மூவரில் இன்னொருத்தி, கம்பி அடிக்கிற பகுதிப் பெண். நாடா ஐயா போன வாரம் அவள் வாயிலிருந்து ஒரு முழம் எடுத்திருந்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பசையக்காவிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, இதை எந்தத் திசையப் பாத்து நின்னு முழுங்கணும்?"

பசையக்கா துழாவுகட்டையைப் பீப்பாயில் சாய்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தத் திசையும் வேணாம்டி, தண்ணி போதும். இனிமே யாராவது திசை சொன்னா, எதுக்குன்னு கேளு. வாயைத் திறக்கத்தான் நல்லாப் பழகிட்டீங்களே, அதைக் கேக்கவும் கொஞ்சம் திறங்க!"